துப்பியும் தூக்கியும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை இங்கே மட்டும்தான் ஒப்புக்கொள்ள முடியும். பத்தொன்பது வருடமாக இந்த வேட்டை முகாமில் தடம் பார்க்கிறவன் நான். ஆனால் துப்பாக்கி வெடிக்கும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்வேன். ஒரு தடவைகூடத் திறந்து வைத்ததில்லை. காட்டெருமை விழுந்ததா, நம் பக்கம் வருகிறதா என்பதை எல்லாம் அடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் பல் டாக்டர் வெண்டெல் இன்று மரியாதையாகக் கேட்டார். “நைசன், நீங்க எத்தனையோ வேட்டை பாத்தவர். ரெட்டைக்குழல்ல எது நல்லது? எஜெக்டரா, எக்ஸ்ட்ராக்டரா?”

பாத்தவர்!

விடுவேனா. அரை மணி நேரம் பேசினேன். நாங்கள் முகாமில் எஜெக்டரைத் துப்பி என்போம், எக்ஸ்ட்ராக்டரைத் தூக்கி என்போம். சுட்டு முடித்துக் குழலை மடக்கினால், துப்பி காலிக் கூட்டை ‘டிங்’ என்று தானே பின்னால் துப்பிவிடும். தூக்கி அப்படி உபகாரம் செய்யாது. கூட்டை விரல் நக அளவு மேலே தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். மீதியை நாம்தான் விரலால் பிடுங்க வேண்டும். இல்லையென்றால் குழலை வானத்துக்கு நிமிர்த்தி உதற வேண்டும். துப்பி வேகம். தூக்கி அமைதி, உள்ளே சாமான் குறைவு, கெட்டுப்போகாது. இதையே நான் காலை ஒரு பக்கம், கையை ஒரு பக்கம் ஆட்டி, நடுவில் இரண்டு தடவை பெருமூச்சு விட்டுச் சொன்னேன். டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் ஓட்டுநர் ஓனியாஸ் எல்லாவற்றையும் கேட்டான். டாக்டர் போனதும், “இதுல எதை நீ கண்ணால பாத்த?” என்றான்.

ஆகஸ்ட் 6

டாக்டருக்கு எருமை கிடைத்தது. அவர் துப்பாக்கி புத்தம் புதிய துப்பி. பக்கவாட்டில் பூ வேலை, வாத்துப் படம். இங்கே ஏன் வாத்து என்று கேட்கவில்லை.

இரண்டு குழலையும் சுட்டார். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். மடக்கினார். ஒரு கூடு என் தலைக்கு மேலே பறந்தது. இன்னொன்று என் சட்டைக் காலருக்குள் போயிற்று. சுட்ட கூடு அடுப்புத் தணல் மாதிரி இருக்கும். நான் குதித்தேன், சுழன்றேன், சட்டையைப் பிய்த்தேன்.

டாக்டர் அதை எங்கள் ஊர் வெற்றி நடனம் என்று நினைத்துவிட்டார். துப்பாக்கியை ஓனியாஸிடம் கொடுத்துவிட்டு எனக்கு எதிரே நின்று அவரும் குதித்தார். எருமை பக்கத்தில் கிடந்தது. ஓனியாஸ் படம் எடுத்தான், பாவி. ஒன்றல்ல, எட்டு.

ஆகஸ்ட் 7

கிளம்பும்போது டாக்டர் ஓனியாஸிடம் என்னைக் காட்டிக் கேட்டார். “இவர் உங்களை நாள் பூராத் திட்டறாரே, உங்களுக்குக் கோவமே வராதா?”

ஓனியாஸ், “அவன் எங்க சாவிரா. கோவப்பட எனக்கு உரிமை இல்ல சார்,” என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை, நான் விளக்கினேன். என் குடும்பமும் அவன் குடும்பமும் பாட்டன் காலத்திலிருந்து கேலிக்கூட்டாளிகள், அதைத்தான் சாவிரா என்போம். அந்த வீட்டில் யாரை வேண்டுமானாலும் நான் கிண்டல் செய்யலாம். செத்துப்போனால் பிணத்தின் முன்னால் நின்று செத்தவனைப் போல நடந்தும் பேசியும் காட்டுவதும் நான்தான். அதற்குப் பதிலாக, மற்றவர்கள் சொல்லப் பயப்படுகிற விஷயத்தை அவர்கள் முகத்துக்கு நேரே நான் சொல்லியாக வேண்டும். முதல் பாதி வேலையை நான் குறைவில்லாமல் செய்கிறேன்.

“செத்த பிறகும் கிண்டலா?” என்றார் டாக்டர்.

“அப்பதான் சார் அவன் திருப்பிப் பேச மாட்டான்,” என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேடம் தெல்மா இரும்பு அலமாரியைத் திறந்து ஓனியாஸைக் கூப்பிட்டார். கணவர் போன பிறகு முகாமை மேடம்தான் நடத்துகிறார். அவரே லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர். இடது காது கேட்காது. அதனால் பேச்சில் சுற்றி வளைப்பதே இல்லை.

“ரெண்டும் ஒரே அளவு தோட்டா,” என்றார். “இது என் வீட்டுக்காரரோட பழைய தூக்கி. இது நான் போன வருஷம் வாங்கின துப்பி. பரீட்சைக்கு எது வேணுமோ எடுத்துக்கோ. ஆனா ஓனியாஸ், இது மூணாவது தடவை. இதுலயும் லைசென்ஸ் வரலேன்னா அடுத்த சீசனுக்கு புலவாயோ டவுன்லேருந்து ஆளைக் கூட்டிட்டு வந்துடுவேன். நீ வண்டி ஓட்டிக்கிட்டே இரு. தப்பா எடுத்துக்காத.”

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஓனியாஸுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினான்கு வருடமாக இந்த வண்டியை ஓட்டுகிறான். ஆறு வருடமாக மேடத்துக்குப் பின்னால் நடந்து வேட்டை பழகுகிறான். போன வருடம் எழுத்துப் பரீட்சையில் போனது, இந்த வருடம் அதைத் தாண்டிவிட்டான். அதற்கு முந்தைய வருடம் நடந்தது பெரிய கதை. காட்டுக்குள் செய்முறைப் பரீட்சை. கையில் இதே பழைய தூக்கி. ஒரு குழலைச் சுட்டான். மடக்கினான். அவசரத்தில் விரலால் பிடுங்காமல் குழலை நிமிர்த்தி உதறினான். தூக்கி இரண்டையும்தான் தூக்கிக் காட்டுமே. காலிக் கூடும் விழுந்தது, சுடாத தோட்டாவும் விழுந்தது. மீசைக்காரப் பரீட்சை அதிகாரி குனிந்து அந்த நல்ல தோட்டாவை எடுத்துத் துடைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பரீட்சை அதோடு முடிந்தது.

இரண்டு வருடமாக நான் அவனை விதைக்கிறவன் என்றுதான் கூப்பிடுகிறேன். மழை வந்தால், “அந்தப் பக்கம் போய்ப் பாத்தியா? தோட்டா மொளச்சிருக்கும்,” என்பேன். அவன் மனைவி சிபிவே, எங்கள் முகாம் சமையல்காரி, அவளே சிரித்துவிடுவாள்.

இன்று அவன் அலமாரி முன்னால் நிற்கும்போதும் சொன்னேன். “விதைப்புக்கு எந்த மண்வெட்டி எடுக்கப் போற?”

அவன் துப்பியை எடுத்தான்.

ஆகஸ்ட் 19

சமையற்கட்டுக்குப் பின்னால் பழகுகிறான். வெற்றுத் தோட்டாதான், மருந்து கிடையாது. ‘டக்’ ‘டக்’ என்று விசையை இழுத்து, மடக்கி, புதிதாக இரண்டு போட்டு மூட வேண்டும். சிபிவே பானை மூடியில் கரண்டியால் தட்டி எண்ணுகிறாள். துப்பியில் நாலு தட்டு. ஒரு ஆசைக்குத் தூக்கியில் பார்த்தோம். ஆறு தட்டு.

“பாத்தியா!” என்றான்.

பார்த்தேன். துப்பியில் அவன் வலது கை என்ன செய்கிறது என்பதையும் பார்த்தேன். ஆறு வருடமாகத் தூக்கியில் பழகிய கை, கூட்டைப் பிடுங்கத் தானாகவே போகிறது. அதற்குள் அது வெடுக்கென்று வந்து விரலில் அடிக்கிறது. நடுவிரல் நகம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. களி பிசையும்போது அந்த விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான், பெரிய இடத்துப் பெண்ணாட்டம்.

செப்டம்பர் 4

இது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று ஆற்றோர முட்புதரில் மேடம், அவன், நான். எருமைக் கூட்டம் அறுபதடி தூரத்தில். சுடப் போகவில்லை, பழக்கத்துக்காகத்தான் போனோம். மேடம் கண்ணைக் காட்டினார். அவன் வெற்றுத் தோட்டாவில் விசையை இழுத்து மடக்கினான். டிங்.

பதினேழு தலை ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பியது. எண்ணினேன். வேட்டுச் சத்தம் காட்டில் எங்கிருந்து வந்தது என்று எதற்கும் சரியாகத் தெரியாது, நாலு பக்கமும் உருளும். இந்த டிங் அப்படி இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று விலாசம் கொடுக்கிறது.

மேடம் திரும்பியே பார்க்கவில்லை. அவன் நின்றது அவர் இடது பக்கம், கேட்கவில்லையோ என்னவோ.

அடிபட்ட எருமை ஒன்று அதே புதருக்குள், முப்பதடியில், எங்களைத் தேடிக்கொண்டு நின்றால்? பரீட்சையில் அது வராது என்று யார் சொன்னது? அவனுக்கு முன்னால் தடம் பார்த்துக்கொண்டு போகப் போகிறவன் யார்? நான்தானே!

செப்டம்பர் 5

அவன் துப்பியை வேகத்துக்காக எடுக்கவில்லை. என் வாய்க்குப் பயந்து எடுத்தான்.

செப்டம்பர் 9

யோசித்துப் பார்த்தால் இது சின்ன விஷயம். போய், “டேய், பழசையே எடு, உன் கை அதுக்குத்தான் பழகியிருக்கு, நான் சும்மா சிரிச்சேன்,” என்று சொன்னால் முடிந்தது. ஆனால் சாவிரா சும்மா சிரித்தேன் என்று சொன்னதாக என் அப்பன் காலத்தில் இல்லை, அவர் அப்பன் காலத்திலும் இல்லை. கேலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியே கிடையாது. ஒன்றை வாங்கினால் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பான். முப்பது வருடக் கேலி. எங்கே வைப்பேன்?

வேறு வழி இருக்கிறது. பழசைக் கேலி செய்து புதுசை எடுக்க வைத்தேன் அல்லவா? இப்போது புதுசைக் கேலி செய்ய வேண்டியதுதான்.

செப்டம்பர் 15

திட்டம் பிரமாதமாக நடக்கிறது. அவன் துப்பியை மடக்கி ‘டிங்’ என்று கேட்டதும் நான் கையைக் குவித்து, “சாப்பாடு!” என்று கத்துகிறேன். முதல் நாள் இரண்டு பேர் தட்டோடு வந்தார்கள். இன்று பதினொரு பேர். தோல் உரிக்கும் கொட்டகையிலிருந்து கத்தியைக்கூடக் கழுவாமல் வந்தார்கள்.

சிபிவே கரண்டியோடு என்னைத் துரத்தினாள். “அண்ணே, இன்னொரு தடவை கத்துனீங்கன்னா இந்தப் பதினோரு பேருக்கும் நீங்கதான் களி கிண்டணும்!”

“நான் என்னம்மா செய்வேன்? மணி அடிச்சது உன் புருசன்.”

ஓனியாஸ் சிரிக்கவில்லை. மறுபடி இரண்டு தோட்டாவைப் போட்டு மூடினான்.

செப்டம்பர் 18

சிரிக்கவே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் அவன் பழகிக்கொண்டிருந்தான். டிங். நான் “சாப்பாடு!” என்றேன். பாதிப் பேர் சலித்துப்போய் வரவில்லை. அவன் துப்பாக்கியைத் துணியில் சுற்றி மேசைமேல் பத்திரமாக வைத்தான். பிறகு என் முன்னால் வந்து நின்றான்.

“என்னடா வேணும் உனக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“தூக்கி எடுத்தா விதைக்கிறவன். துப்பி எடுத்தா மணியடிக்கிறவன். கவணை எடுத்துட்டுப் போகட்டுமா? நான் பாஸாகறது உனக்குப் பிடிக்கலயா? பிடிக்கலேன்னா அதை நேராச் சொல்லித் தொலையேன்!”

எனக்கு வாய் ஓடவில்லை. எனக்கு! சிபிவே கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“பழசை எடு,” என்றேன்.

“என்னது?”

“பழசை எடுடா. உன் கை அதுக்குத்தான் போகுது. இது சத்தம் போடுது. புதருக்குள்ள கெடக்கற எருமைக்கு நீ எங்க நிக்கறன்னு சொல்லிக் குடுக்குது.”

“ரெண்டு வருஷமா அதைத்தானடா சிரிச்ச!”

“ஆமா.”

“அப்ப சிரிச்சது தப்பா?”

அவன் காத்திருந்தான். அவனுக்கு எப்போதுமே பொறுமை அதிகம், அதனால்தான் அவனைக் கிண்டல் செய்ய முடிகிறது.

“நீ உதறினது தப்பு,” என்றேன். “துப்பாக்கி தப்பில்ல. நான் துப்பாக்கியச் சேத்துச் சிரிச்சிட்டேன்.”

இவ்வளவுதான் வந்தது. இதற்கே காது சூடாகிவிட்டது. அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சிபிவே எனக்குக் களியும் கருவாடும் வைத்தாள். நான் கேட்கவே இல்லை. அதுவும் நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 22

பேசவில்லை.

செப்டம்பர் 23

பேசவில்லை. நானும் அவனும் மட்டும் நாலு மணி நேரம் வண்டியில் போனோம்.

செப்டம்பர் 24

காலையில் சமையற்கட்டுப் பக்கம் பானை மூடித் தட்டு கேட்டது. ஆறு தட்டு. டிங் இல்லை.

செப்டம்பர் 30

ஐந்தரைத் தட்டு. அரைத் தட்டு எப்படி என்று சிபிவேயைக் கேட்டேன். “மெதுவாத் தட்டினேன்,” என்கிறாள். பெண்டாட்டி எண்ணினால் இப்படித்தான். அவன் குழலை நிமிர்த்துவதே இல்லை. கூட்டை இரண்டு விரலால் பிடுங்குகிறான், பார்க்காமலே. வாயைத் திறந்தேன், கோழி கொத்துவது மாதிரி என்று சொல்ல. மூடிக்கொண்டேன். எனக்கு ஏதாவது நோயா?

அக்டோபர் 7, செவ்வாய்

பரீட்சை. உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன்.

அதே மீசை அதிகாரி. மீசை முன்பைவிடப் பெரிது. அதற்குத் தனியாகச் சோறு போடுகிறார் போல. ஓனியாஸ் கையில் தூக்கியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். “இன்னிக்காவது தோட்டாவைக் கீழ விதைக்காம இருப்பியா?” என்றார். என் கேலியை அடுத்தவன் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று இன்றுதான் தெரிந்தது.

பத்து மணிக்குக் கிழட்டு எருமை ஒன்று. ஓனியாஸ் சுட்டான், கண்ணை மூடினேன், திறந்தேன். எருமை இல்லை, புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இரத்தம் நுரையாக இல்லை, கருஞ்சிவப்பாக இருந்தது. நுரையீரலில் படவில்லை, உடனே சாகாது. அரை மணி காத்திருந்து உள்ளே போனோம். முன்னால் நான், எனக்குப் பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் அதிகாரி. வெயில் மண்டையைப் பிளந்தது. முட்புதரில் கையை நீட்டினால் கை தெரியாது.

நாற்பதடி போயிருப்போம். கறுப்பாக ஒன்று அசைந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன், என் தலைக்கு மேலே சுட்டான். கண்ணை மூடினேன். ஏதோ விழுந்தது. கிளை முறிந்தது. அதற்குப் பிறகு திறக்கத் தைரியம் வரவில்லை. விழுந்ததா, படுத்துக்கொண்டு காத்திருக்கிறதா?

அவனிடம் ஒரு காலிக் கூடு, ஒரு நல்ல தோட்டா. இப்போது மடக்குவான். உதறினால் நான் செத்தேன். நான் கண்ணை மூடியிருந்ததால் எனக்குத் தெரிந்ததெல்லாம் காது வழியாகத்தான். எருமை மூச்சு விடுவது கேட்டது, முக்கால் பனைமர தூரம்கூட இல்லை. அதிகாரியின் மீசைக்குள் காற்று போய் வருவதுகூடக் கேட்டது. அவனிடமிருந்து ஒரு சின்னச் சத்தமும் இல்லை. தோட்டா மாற்ற மறந்துபோய் நிற்கிறானோ என்று நினைத்தேன்.

எருமை எழுவது கேட்டது. எங்களைத் தேடியது. இந்தப் பக்கம் உறுமி, அந்தப் பக்கம் போய், கண்டுபிடிக்க முடியாமல் நின்றது. அப்போது இரண்டு வேட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக.

கண்ணைத் திறந்தபோது அது கிடந்தது. ஓனியாஸ் துப்பாக்கியை மறுபடி மடக்கிக்கொண்டிருந்தான். என் தலைக்கு மேலே சுட்டதன் காலிக் கூடு அவன் சட்டைப் பையில் இருந்தது. எப்போது பிடுங்கினான், எப்போது வேறொன்று போட்டான், எனக்குத் தெரியாது. அதிகாரி பார்த்திருப்பார். அவன் பையைத் தொட்டுப் பார்த்தார். தாளில் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை.

“எந்திரிடா, முடிஞ்சிருச்சு,” என்றான் ஓனியாஸ். பதினாறு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இவ்ளோ நேரமா?” என்றேன்.

அக்டோபர் 8

மேடத்திடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். வலது காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். பிறகு, “துப்பியா இருந்தாலும் சுட்ட கூட்டை மட்டும்தான், நைசன், துப்பியிருக்கும். நல்ல தோட்டா உள்ளயேதான் இருக்கும். இன்னும் வேகமா முடிஞ்சிருக்கும்,” என்றார்.

இருக்கும். அந்த டிங்கில் எருமை நேராக என் மடிமேல் வந்திருக்கவும் கூடும். யாருக்குத் தெரியும்? திரும்பப் போய்ப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

அக்டோபர் 24

ஊரிலிருந்து பரீட்சை முடிவுக் கடிதம் வரவில்லை. வந்தது உப்பு மூட்டை மட்டும்.

அக்டோபர் 29

வரவில்லை. சிபிவே நேற்று களியில் உப்பு போட்டுவிட்டாள். எங்கள் பக்கம் களியில் யாராவது உப்பு போடுவார்களா? எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம். ஓனியாஸ் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 3

முடிவு கேட்க மேடம் ஊருக்குப் போயிருக்கிறார். அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எண்ணெய் மாற்றுகிறான். கேலி எதுவும் தோன்றவில்லை. அவன் அடியிலிருந்து, “என்ன, செத்துட்டியா?” என்று கேட்டான்.

நவம்பர் 12, புதன்

சீசனின் கடைசி விருந்தாளி, டென்மார்க்காரர். கொண்டு வந்திருப்பது துப்பி. எது நல்லது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஓனியாஸ் இன்று இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தான், லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர் உட்காரும் இடம். புதுச் சட்டை, சிபிவே தேய்த்துக் கொடுத்தது. விருந்தாளி அவனை, “மிஸ்டர் ஓனியாஸ்” என்றார். அவன் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வண்டியை நான் ஓட்டினேன்.

ஆற்றுச் சரிவில் தடம் தெரிந்தது. நிறுத்தச் சொன்னான். தடம் பார்க்கத்தானே என்று துப்பாக்கிகளை வண்டியிலுள்ள தாங்கியிலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் இறங்கினோம். கை பிரேக் போடுவது ஓட்டுகிறவன் வேலை என்று அவன் நினைத்தான். பதினான்கு வருடமாக அதை அவன்தான் போட்டு வந்தான் என்று நான் நினைத்தேன். நாங்கள் குனிந்து குளம்படியின் வயதைப் பேசிக்கொண்டிருந்தபோது வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. வேகமாக இல்லை. டென்மார்க்காரர் அதற்கு வழி விட்டார்.

ஆற்று மடுவில் போய் நின்றது. தண்ணீர் சன்னல் வரை. டென்மார்க்காரரின் துப்பி, ஓனியாஸின் தூக்கி, இரண்டும் நனைந்தன. ஒரே அளவு.